சுமையும் சின்னமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய டேவிஸ் அணையருகே தொடங்கி மலைமேல் ஏறும் ஒரு நெடுஞ்சாலை உண்டு. பதினொரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயர்ந்துவிடும். ட்ரெய்லர் இழுக்கும் பிக்அப் டிரக்குகளுக்கான ஜே2807 என்ற விதிமுறை இந்த ஏற்றத்தையே உரைகல்லாக வைத்திருக்கிறது. வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கவேண்டும். ஏசி முழுவதும் ஓடவேண்டும். இவ்வளவு இழுக்கும் என்று நிறுவனம் எந்த எடையைச் சொல்கிறதோ அதே எடை பின்னால் இருக்கவேண்டும். பின்னச்சில் இரண்டு சக்கரம் உள்ள வண்டியின் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக்கூடாது. நான்கு சக்கரம் உள்ள வண்டிக்கு 35 மைல். இந்த விதிமுறை 2008இல் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இழுவைத் திறனைத் தானே அளந்து தானே அறிவித்துக்கொண்டிருந்தது. ஃபோர்டு, செவர்லே, ராம் என்று மூக்கில் எந்தச் சின்னம் இருந்தாலும் அந்த மலை கேட்பது ஒன்றைத்தான்: இவ்வளவு எடையோடு, இந்த வெயிலில், நிற்காமல் ஏறுவாயா? மூன்றுமே ஏறிவிடுகின்றன. ஆனால் மூன்றையும் வைத்திருக்கும் மனிதர்களுக்கிடையே ஓயாத ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்கும்போது மதப்பிரிவுகளின் பழைய சண்டைகளே நினைவுக்கு வருகின்றன.

ஃபோர்டின் நீல நீள்வட்டம், செவர்லேயின் 'போ டை', ராமின் கடாமுகம். குதிரை ட்ரெய்லரையும் கால்நடை ட்ரெய்லரையும் வீட்டளவு பெரிய பயண ட்ரெய்லரையும் இழுப்பவர்கள் நடுவில் இவை வெறும் வணிகச் சின்னங்களாக நிற்பதில்லை. பரம்பரையாக வருகின்றன. தாத்தா ஃபோர்டு என்றால் பேரனும் ஃபோர்டு. மாற்றிக்கொள்பவர் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பின் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து, 'தினமும் பழுதுபார்' என்று பொருள்வரும்படி விரித்துச் சொல்வது பல பத்தாண்டு வழக்கம். 1990களில் எதிரிச் சின்னத்தின்மேல் சிறுநீர் கழிக்கும் சிறுவனின் ஸ்டிக்கர் ஆயிரக்கணக்கான பின்கண்ணாடிகளில் ஒட்டியிருந்தது. தான் வரைந்த சித்திரக்கதைப் பாத்திரங்களை விற்பனைப் பொருளாக்கவே மறுத்த பில் வாட்டர்சனின் சிறுவனை, அவருடைய அனுமதியின்றி எடுத்து அந்த வேலைக்கு வைத்தார்கள். இதையெல்லாம் வேடிக்கை என்று தள்ளிவிடலாம். நான் தள்ளப்போவதில்லை. ஒரு கருவியின்மேல் வைக்கும் நம்பிக்கை எந்த இடத்தில் கருவியை விட்டு விலகி நம்மைப் பற்றிய ஒன்றாகிவிடுகிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அது எல்லாச் சமயங்களும் எதிர்கொண்ட கேள்வி.

முதலில் இந்தப் பற்றில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். ஏற்றத்தைவிட இறக்கமே இழுவையின் உண்மையான சோதனை. பதினைந்தாயிரம் பவுண்டு பின்னாலிருந்து தள்ள, ஆறு சதவீத இறக்கத்தில், வளைவில், மழையில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு தளர்ந்தால் அதற்குமேல் ஓட்டுநரின் கையில் எதுவுமில்லை. அப்போது எஞ்சினின் எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்து நிறுத்தினால், மனிதர் அந்த வண்டியிடம் தன் உயிரையும் குடும்பத்தின் உயிரையும் கொடுத்துத் திரும்பப் பெற்றிருக்கிறார். அங்கே பிறப்பது நன்றி. அதில் பொய் இல்லை. வண்டிகளுக்கிடையே வேறுபாடும் உண்மையாகவே உண்டு. ராமின் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் நேர்வரிசை ஆறு சிலிண்டர்; மற்ற இரண்டு டீசல்களும் வி-8. 1989ஆம் ஆண்டு மாடலில், ராமை அப்போது தன் பெயரில் விற்ற டாட்ஜ், தன் பிக்அப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினை வைத்தபோது அது கொடுத்தது 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி முறுக்குவிசை. கனரக வேலைக்குப் பிறந்த எஞ்சின் பிக்அப்புக்குள் வந்தது பெரிய மாற்றம்தான். அதை வாங்கிய பண்ணைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்னத்தை வணங்கவில்லை. தன் வேலையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், தேர்ந்தார். பின்னால் எவ்வளவு கோணினாலும், இந்தப் பற்றின் வேர் அந்தத் தேர்வில் இருக்கிறது.

அந்தக் கோணலுக்குத் தமிழில் பொருத்தமான சொல் உண்டு: அபிமானம். அபிமான நடிகர், அபிமான வாசகர் என்று பிரியத்தைக் குறிக்கவே அதை அன்றாடம் சொல்கிறோம். ஆனால் சாங்கிய தத்துவத்தில் அகங்காரத்துக்கு இலக்கணமே அபிமானம்தான். 'இது நான், இது எனது' என்று தன்னைச் சாராத ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும் செயல் அது. ஒரே சொல் பிரியத்தையும் அந்த மயக்கத்தையும் குறிப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலாவது எவ்வளவு எளிதாக இரண்டாவதாகிவிடும் என்பதை மொழி அறிந்துவைத்திருக்கிறது. நம்பிக்கைக்கும் அபிமானத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது; இரண்டும் உறுதியாகவே பேசும். புதிய சான்று ஒன்று வரும்போதுதான் பிரிவு தெரியும். நம்பிக்கை அதை உள்ளே விட்டு, தேவையானால் தன்னைத் திருத்திக்கொள்ளும். அபிமானத்துக்கு அதே சான்று தன்மேல் விழுந்த அடியாகிவிடும். என் வண்டியின் பம்பு பழுதாகும் வகையைச் சேர்ந்தது என்று ஒருவர் சொன்னால், அது பம்பைப் பற்றிய செய்தி. அதைக் கேட்டு எனக்கு முகம் சிவந்தால், பம்பு எப்போதோ நானாகிவிட்டது என்று பொருள்.

ஃபோர்டின் டீசல்களைப் பாருங்கள். 1994இலிருந்து 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்றும் பழைய வண்டிச் சந்தையில் பிரியமாகத் தேடப்படும் எஞ்சின். அதற்குப் பின் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் எஞ்சின் ஹெட் கேஸ்கெட்டிலும் குளிர்விப்புப் பகுதிகளிலும் தொல்லை கொடுத்துக் கெட்ட பெயர் வாங்கியது. இரண்டையும் ஃபோர்டுக்குச் செய்து கொடுத்தது நேவிஸ்டார் என்ற ஒரே நிறுவனம். 6.0 எஞ்சினின் செலவுகளை யார் ஏற்பது என்று 2007இல் இரு நிறுவனங்களும் நீதிமன்றம் போயின. 2009இல் சமரசம் ஆயிற்று. 2011 மாடலிலிருந்து ஃபோர்டு தன் 6.7 லிட்டர் எஞ்சினைத் தானே வடிவமைத்தது. இந்த வரலாற்றை அபிமானம் படிக்கும் விதம் தனி. நல்ல எஞ்சின் ஃபோர்டுடையது, கெட்ட எஞ்சின் நேவிஸ்டாருடையது. எதிர்த்தரப்பு அதையே தலைகீழாகப் படிக்கும். இரு வாசிப்புக்கும் ஒரே தாள், ஒரே எழுத்து.

இதைவிடத் தெளிவான சான்று ஓர் எரிபொருள் பம்பு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த சி.பி.4 என்ற உயரழுத்தப் பம்பு 2011 முதல் ஃபோர்டின் 6.7 டீசலில் இருந்தது. 2011 முதல் 2016 வரை, செவர்லேயின் தாய்நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் டீசலில் இருந்தது. 2019, 2020 மாடல் ராம் வண்டிகளின் கம்மின்ஸிலும் இருந்தது. உள்ளே தேய்ந்தால் உலோகத் துகள் எரிபொருளோடு கலந்து இன்ஜெக்டர் வரை போய் முழு அமைப்பையும் கெடுத்துவிடும் என்ற புகார் மூன்று வண்டிகளிலும் எழுந்தது. ராம் 2021இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய வகைப் பம்புக்கு மாற்றியது. மூன்று கொடிகளின் கீழே நின்று ஒருவரையொருவர் ஏளனம் செய்தவர்களின் பானெட்டுக்கு அடியில் ஒரே பலவீனம் ஓடிக்கொண்டிருந்தது. 'எங்கள் எஞ்சின் நேர்மையான எஞ்சின்' என்ற பெருமைக்கும் இதே கதிதான். 2013 முதல் 2019 வரையிலான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ராம் வண்டிகளின் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் அமைப்புகள் இருந்தன என்ற அமெரிக்க அரசின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, 167.5 கோடி டாலர் அபராதத்துக்குக் கம்மின்ஸ் 2023 டிசம்பரில் உடன்பட்டது.

அப்படியானால் சின்னத்துக்குப் பின்னால் இருப்பது எது? ராமை எடுத்துக்கொள்வோம். அதன் தாய்நிறுவனமான கிரைஸ்லர் 1998இல் ஜெர்மனியின் டைம்லரோடு இணைந்தது. 2007இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2009இல் திவாலாகி இத்தாலியின் ஃபியட்டிடம் வந்தது. 2021 முதல் நெதர்லாந்தில் பதிவான ஸ்டெல்லாண்டிஸின் பகுதி. எஞ்சின் இன்டியானாவின் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த கம்மின்ஸுடையது. சில வண்டிகளின் கியர்பாக்ஸை ஜப்பானின் ஐசின் செய்துவந்தது. வண்டி முழுமை பெறுவது மெக்சிகோவின் சல்தியோவில். செவர்லேயின் டியூராமேக்ஸ் ஜப்பானின் இசுசுவோடு கூட்டாகப் பிறந்தது. செவர்லேயின் பின்னச்சையும் ராமின் பின்னச்சையும் நெடுங்காலம் ஒரே அமெரிக்க ஆக்சில் நிறுவனம் செய்துவந்தது. ஃபோர்டின் 6.7 டீசல் மெக்சிகோவின் சிவாவாவில் தயாராகிறது. 2013இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் புதிய கியர்பாக்ஸ்களைச் சேர்ந்தே உருவாக்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்று பழைய கிரேக்கர்கள் கேட்டார்கள். இங்கே பலகைகள் மாறியதோடு, பகைவர் என்று சொல்லப்படுவோரின் கப்பலிலும் அதே பலகைகள்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. உதிரிபாகங்கள் எங்கிருந்து வந்தாலும் அவற்றைத் தேர்ந்து, பொருத்தி, சோதித்து, உத்தரவாதம் தந்து, பழுதானால் பதில் சொல்லும் பொறுப்பு சின்னத்துக்குச் சொந்தக்காரருடையது. ஆகவே சின்னம் வெறும் பெயர் அல்ல என்பது அது. சரியான வாதம், முழுமையாக ஏற்கிறேன். ஒரு சமையலில் அரிசி எந்த ஊருடையது என்பதைவிடச் சமைத்த கை முக்கியமாகலாம். ஆனால் இந்த வாதம் நிறுவுவது ஓர் ஒப்பந்தத்தை மட்டுமே. நீ பொறுப்பாக நடந்தால் நான் உன்னிடம் வருவேன். தவறினால் கேட்பேன், வேறிடம் போவேன். மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் புதிதாகச் சரிபார்க்கவேண்டிய உறவு அது. பேரனுக்குத் தாத்தா விட்டுப்போகும் பகையை அதிலிருந்து பெறமுடியாது. தாத்தாவுக்குப் பதில் சொல்லியிருக்கவேண்டிய பொறியாளர்கள் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆயிற்று.

பகை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலில் இரண்டு பழைய சான்றுகள் உண்டு. 1957இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அண்மையில் புதுக் கார் வாங்கியவர்கள் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று பார்த்தது. வாங்கலாமா என்று யோசித்துக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட, வாங்கிவிட்ட காரின் விளம்பரங்களையே அவர்கள் மிகுதியாகப் படித்தார்கள். வாங்கி முடித்தவருக்கு விளம்பரம் எதற்கு? தன் தேர்வு சரி என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. உறுதியாகத் தெரிவது பல வேளைகளில் ஐயத்தின் மறுபக்கம். இரண்டாவது, 1970களின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பள்ளி மாணவர்களிடம் செய்த சோதனை. இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்பது போன்ற ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லி மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, பணத்தைப் பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்ற பக்கமே பலரும் சாய்ந்தார்கள். தன் நன்மையைவிட இடைவெளியே இனித்தது.

அந்த இடைவெளிப் பசியைத்தான் முறுக்குவிசைப் போட்டி எண்களாக எழுதிக்காட்டுகிறது. 2019இல் ராம் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. 2020இல் ஃபோர்டு 1,050. 2021இல் ராம் 1,075. 2023இல் ஃபோர்டு 1,200, கூடவே 40,000 பவுண்டு இழுக்கும் என்ற அறிவிப்பு. ஏறத்தாழ 18 டன். ட்ரெய்லரும் வண்டியும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, ட்ரெய்லர் 10,000க்கு மேல் போனால், தொழிலுக்கு ஓட்டுபவர் அங்கே வணிக ஓட்டுநர் உரிமம் எடுத்தாகவேண்டும். அந்த எல்லைக்கு மேலுள்ள திறன் பெரும்பாலான உரிமையாளர்களின் வாழ்க்கையில் ஒருநாளும் தேவைப்படாது. இதைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு. அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டில் அது இருக்கிறது: வண்டியின்மேலேயே எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கணக்கு. வண்டித் தட்டில் வந்து பூட்டும் 'ஃபிஃப்த் வீல்' ட்ரெய்லர் தன் எடையில் 15 முதல் 25 சதவீதத்தை வண்டியின் முதுகில் வைக்கும். 14,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால், 20 சதவீதக் கணக்கில் 2,800 பவுண்டு முதுகில் உட்காரும். முக்கால் டன் வகையில், டீசல் எஞ்சினும் நான்கு கதவும் உள்ள பல வண்டிகளுக்குச் சீட்டு அனுமதிப்பது 2,000 சொச்சம்தான். அதிலும் குடும்பத்தின் எடையைக் கழிக்கவேண்டும். விளம்பரத்தின் பெரிய எண்ணைச் சொன்ன அதே நிறுவனம்தான் இந்தச் சிறிய எண்ணையும் அச்சிட்டு ஒட்டுகிறது. பெரிய எண்ணை மனப்பாடம் செய்தவர் சிறிய எண்ணைப் பார்க்காமல் மலை இறங்கினால், பின்னச்சும் டயரும் பிரேக்கும் எந்தச் சின்னத்துக்காகவும் தங்கள் எல்லையைத் தள்ளிவைத்துக்கொள்ளா. இதெல்லாம் விளையாட்டுத்தானே, யாருக்கு என்ன தீங்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தச் சீட்டு. தன் கருவியின் எல்லையைக் காணும் கண்ணைத்தான் அபிமானம் முதலில் பறிக்கிறது. அந்தக் கண் இல்லாதவர் இழுக்கும் சுமைக்கு எதிரே வேறொரு குடும்பத்தின் கார் வந்துகொண்டிருக்கும்.

சமயத்தின் பக்கம் நேராக வருகிறேன். இந்த வழக்கு தானாகவே அங்கே வந்து சேர்ந்த நாள் ஒன்று உண்டு. 1968 பிப்ரவரி 4ஆம் தேதி, தான் கொல்லப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ட்டின் லூதர் கிங் அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். மாற்கு நற்செய்தியில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, உம்முடைய வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் எங்களுக்கு இடம் கொடும் என்று கேட்கும் காட்சியே அதன் அடிப்படை. ஊர்வலத்தின் முன்னால் முரசடித்துப் போகவேண்டும் என்ற ஆசை மனிதர் எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்றார் கிங். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரி 4ஆம் தேதி, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்கு நடுவே, ராம் டிரக்குகளின் விளம்பரத்தில் அந்தப் பிரசங்கத்தின் குரல் ஒலித்தது. தொண்டு செய்ய முடிந்த எவரும் பெரியவராகலாம் என்ற பகுதி அது. கிங்கின் உரைகளுக்கு உரிமை வைத்திருப்போரின் அனுமதியோடுதான் செய்தார்கள். ஆனாலும் நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. காரணம், அதே பிரசங்கத்தில் வேறொரு பகுதியும் இருக்கிறது. அண்டை வீட்டார் பொறாமைப்பட இந்தக் காரை ஓட்டு என்று வசப்படுத்தும் விளம்பரக்காரர்களிடம் ஏமாறாதீர்கள் என்று கிங் அதில் எச்சரிக்கிறார். ஒழுங்கான ஒரு பழைய ஃபோர்டு வாங்கும் வருமானம்கூட இல்லாதவர்கள் காடிலாக்கிலும் கிரைஸ்லரிலும் வலம்வருவதைச் சொல்கிறார். கிரைஸ்லர், ராமின் தாய்வீடு.

இந்த முரணைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அந்தப் பிரசங்கத்தின் உள்ளே இருக்கும் நகர்வு அதைவிடப் பெரியதாகத் தெரிகிறது. முதலாவதாக இருக்கவேண்டும் என்ற ஆசையை கிங் பாவம் என்று அழிக்கச் சொல்லவில்லை. இயேசுவும் அந்த இரு சீடர்களைக் கடிந்து விரட்டவில்லை என்பதை அவர் கவனிக்கச் சொல்கிறார். முதலாவதாக இரு, அன்பில் முதலாவதாக இரு, தொண்டில் முதலாவதாக இரு என்று ஆசையின் திசையை மாற்றுகிறார். ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் மற்றவர் சுமையை இழுக்கும் மனிதனுக்கு இதைவிட நெருக்கமான பிரசங்கம் இருக்கமுடியாது. இழுவை என்பதே பிறிதொன்றின் பாரத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது. அந்தச் செயலில் உண்மையான மாண்பு இருக்கிறது. சின்னம் அந்த மாண்பைக் களவாடித் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது. ஓட்டுநரும் அந்தக் களவுக்குத் தாமே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். கொரிந்து நகரத்துச் சபையில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்றவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் கவலையும் இதே இடத்தில்தான். ஒருவர் நட்டார், ஒருவர் நீர் ஊற்றினார், விளைச்சலோ இருவருடையதும் அல்ல என்றார் அவர்.

கருவியை மதிப்பதே விக்கிரக வழிபாடு என்று ஒரு கடுமையான தரப்பு சொல்லும். தமிழராகிய நமக்கு அதை ஏற்பது கடினம், ஏற்கவும் வேண்டியதில்லை. ஆயுத பூசையன்று லாரி செட்டில் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சையைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிக் கிளப்பும்போது நாமும் இரும்பின் முன்னால் கைகூப்புகிறோம். ஆனால் அந்த செட்டில் எந்தக் கம்பெனி வண்டி நின்றாலும் பொட்டு ஒன்றுதான். பக்கத்தில் கிடக்கும் ஸ்பேனருக்கும் அதே பொட்டு. உழைக்கும் பொருளுக்கு நன்றி சொல்ல இன்னொரு பொருளைத் தாழ்த்தவேண்டியிருக்கவில்லை. ஆகவே கருவியின்முன் தலை குனிவதில் குற்றம் காண நான் தயாரில்லை; கருவியைக் கொண்டு பக்கத்து மனிதனுக்கெதிரே தலை நிமிர்வதிலேதான் சிக்கல். ஆற்றைக் கடந்தபின் தெப்பத்தைத் தலையில் சுமந்து நடப்பவனைப் பற்றிப் புத்தர் சொன்ன உவமையும் தெப்பத்தை இகழவில்லை. அது கடக்க உதவியது. சுமக்கவேண்டியது எது, சுமப்பது எது என்பது மட்டும் அவனுக்குக் குழம்பிவிட்டது.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. சின்னத்தின்மேல் பற்று என்பது ஊரின்மேல், உழைப்பவர்மேல் பற்று என்பார்கள். செவர்லேயின் கனரக பிக்அப்புகள் உருவாகும் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில், 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடித்தான் ஜெனரல் மோட்டார்ஸைச் சங்கத்தை ஏற்கவைத்தார்கள். அந்த ஊரில் பிறந்த ஒருவர் வேறு சின்னத்தை வாங்க மறுத்தால், அது அப்பாவின் உள்ளங்கைக் காய்ப்புக்குச் செய்யும் மரியாதை. அதை அபிமானம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் அந்த மரியாதையை அதன் வழியிலேயே பின்தொடர்ந்து பார்ப்போம். 2023 செப்டம்பரில் அமெரிக்க ஆட்டோ தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, வரலாற்றில் முதன்முறையாக ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் மூன்றின் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். அக்டோபர் 11ஆம் தேதி, ஃபோர்டின் சூப்பர் டூட்டி பிக்அப்புகள் பிறக்கும் கென்டக்கி டிரக் ஆலையில் 8,700 பேர் கருவிகளைக் கீழே வைத்தார்கள். மூன்று சின்னங்களுக்கும் அமெரிக்காவில் உழைப்பவர்கள் ஒரே பதாகையின் கீழே நின்றார்கள். உழைப்பவருக்கு விசுவாசமாக இருப்பதென்றால் அந்த விசுவாசம் போய்ச் சேரும் இடம் அது. அங்கே நீல நீள்வட்டத்துக்கும் போ டைக்கும் பகை கிடையாது.

போட்டி இருந்ததால்தானே 400 பவுண்டு-அடி 1,200 ஆயிற்று என்ற வாதத்தைச் சுருக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன். நிறுவனங்களுக்கிடையே போட்டி வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் போட்டியை உயிரோடு வைத்திருப்பவர் மாறத் தயாராக இருக்கும் வாடிக்கையாளர். என்ன செய்தாலும் மாறமாட்டேன் என்று சபதம் செய்தவருக்காக எந்த நிறுவனமும் பம்பை மாற்றாது. அபிமானிகளின் சண்டை நிறுவனங்களை அவசரப்படுத்துவதில்லை, நிம்மதியாக இருக்கவிடுகிறது.

2017 மார்ச்சில் கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களில் காற்றோடு பரவிய புல்வெளித் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கான்சாஸின் ஆஷ்லாண்ட் ஊரைச் சுற்றிய பண்ணைகளில் மாடுகள் கூட்டமாக மடிந்தன. மைல் கணக்கில் வேலிகள் கருகின. பிழைத்த மாடுகளுக்கு மேய ஒரு பிடிப் புல்லும் மிஞ்சவில்லை. அடுத்த நாட்களில் மிச்சிகனிலிருந்தும் ஒஹாயோவிலிருந்தும் இன்னும் பல மாநிலங்களிலிருந்தும், முகமறியாத பண்ணைக்காரர்கள் உலர்புல் உருளைகளை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். பெரிய லாரிகளும், வண்டித் தட்டில் பூட்டும் கூஸ்நெக் ட்ரெய்லரோடு பிக்அப்புகளுமாக. ஆயிரம் பவுண்டுக்கு மேல் கனக்கும் உருளைகள் பல ஏறத்தாழ ஆயிரம் மைல் பயணம் செய்து வந்தன. யாக்கோபும் யோவானும் கேட்ட முதலிடத்துக்கு கிங் காட்டிய திசையில்தான் அந்த வரிசை போய்க்கொண்டிருந்தது. கருகிய வேலியோரம் உருளைகளை இறக்கினார்கள். கயிற்றைச் சுருட்டி வைத்தார்கள். காலி ட்ரெய்லர்களோடு வந்த வழியே திரும்பினார்கள். மாடுகள் தின்னத் தொடங்கியிருந்தன.